மீசையால் அறிய முடியாத உறவு

மீன் சந்தைக்குப் போகிற பலருக்கும் இந்தக் கேள்வி எழுந்திருக்கும். ஒரு கூடையில் நாட்டுக் கெளுத்தி கிடக்கிறது, அடுத்த கூடையில் கடல் கெளுத்தி. ஏரி மீன் விற்கிற அம்மா தண்ணீர்ப் பாத்திரத்தில் தேளியை உயிரோடு வைத்திருக்கிறார். ஆற்று மீன் வருகிற நாளில் நீண்டு பளபளக்கும் வாளையும் வந்துவிடும். நான்கிலும் செதில் கிடையாது. நான்குக்கும் மீசை உண்டு. அப்படியானால் இவையெல்லாம் ஒரே வம்சமா? ஒரே வம்சம்தான் என்றால் அதற்குள் யார் யாருக்கு நெருக்கம்?

முதல் கேள்விக்கு விடை எளிது. ஆம், ஒரே வம்சம். உயிரியலாளர்கள் இவற்றைக் கெளுத்தி வரிசை என்ற பெரும் பிரிவில் வைக்கிறார்கள். உலகெங்கும் இதில் 3,000-க்கும் மேற்பட்ட இனங்கள் இருக்கின்றன. முதுகெலும்புள்ள விலங்கினங்களில் ஏறத்தாழ 20-ல் ஒன்று கெளுத்தி என்றால் இந்த வம்சத்தின் பரப்பு புரியும். மெக்காங் ஆற்றில் 200 கிலோவைத் தாண்டி வளரும் ராட்சதக் கெளுத்தி இருக்கிறது. நைல் ஆற்றில் 350 வோல்ட் வரை மின்சாரம் பாய்ச்சும் மின்கெளுத்தி இருக்கிறது. தென்னமெரிக்காவில் உடல் முழுக்க எலும்புத் தகடு போர்த்திய கெளுத்தி இனங்கள் நூற்றுக்கணக்கில் வாழ்கின்றன.

இரண்டாவது கேள்விதான் நூறாண்டுக்கும் மேலாக விலங்கியலாளர்களை அலைக்கழிக்கிறது. எலும்பை ஒப்பிட்டார்கள், தசையை ஒப்பிட்டார்கள், பிறகு மரபணுவை ஒப்பிட்டார்கள். அந்த வரிசையில் மிகக் குறைவாகவே கவனிக்கப்பட்ட ஓர் உறுப்பு மூளை. மண்டையோட்டுக்குள் பத்திரமாக இருக்கும் அந்தச் சிறு உறுப்பில் உறவைப் படிக்க முடியுமா என்பதுதான் இந்த அத்தியாயம்.

மீசையை எண்ணினால் என்ன?

நாட்டுக் கெளுத்திக்கு நான்கு ஜோடி மீசை. தேளிக்கும் நான்கு. கடல் கெளுத்திக்குப் பெரும்பாலும் மூன்று, வாளைக்கு இரண்டு. எண்ணிக்கையை வைத்தே உறவு சொல்லிவிடலாம் என்று தோன்றும். மூக்குத் துளைக்கு அருகே முளைக்கும் மீசையைப் பாருங்கள்: அது கடல் கெளுத்திக்கும் இல்லை, வாளைக்கும் இல்லை. ஆனால் இந்த இரண்டும் நெருங்கிய உறவு கிடையாது. அந்த மீசை இல்லாதது மட்டும் உறவைக் காட்டிவிடாது. முதுகின் பின்பகுதியில் முள் இல்லாமல் சதைப்பற்றாக இருக்கும் கொழுப்புத் துடுப்பும் இப்படித்தான். நாட்டுக் கெளுத்திக்கும் கடல் கெளுத்திக்கும் அது உண்டு, தேளிக்கும் வாளைக்கும் இல்லை. அதைக் கொண்டும் வம்சத்தைப் பிரிக்க முடியவில்லை.

இந்தச் சிக்கலுக்கு ஒழுங்கான விதி தந்தவர் ஜெர்மானியப் பூச்சியியலாளர் வில்லி ஹென்னிக். 1950-ல் வெளிவந்த தம் நூலில் அவர் வலியுறுத்தியது ஒன்றைத்தான்: ஒத்திருக்கிற எல்லாமே உறவுக்குச் சான்றாகாது. இரண்டு இனங்களும் மிகப் பழைய மூதாதையிடமிருந்து அப்படியே வாங்கிக்கொண்ட அம்சம் உதவாது, ஏனென்றால் அது தூரத்து உறவினர்களிடமும் இருக்கும். இடையில் ஒரு மூதாதையிடம் புதிதாகத் தோன்றி, அதன் வழித்தோன்றல்களில் மட்டும் காணப்படும் அம்சமே சான்று. இதைப் ‘பகிர்ந்த புதுமை’ என்று அழைப்போம். எது பழையது, எது புதுமை என்று அறிய, குழுவுக்கு வெளியே உள்ள ஓர் உறவினரைப் பார்க்க வேண்டும். கெளுத்திக்கு வெளியே உள்ள கெண்டையிலும் ஓர் அம்சம் இருந்தால் அது பழையது என்று கொள்ளலாம்.

ஹென்னிக்கின் விதி எளிமையானது. அதை மூளைக்குப் பொருத்துவதுதான் கடினம்.

கெளுத்தி மூளையில் என்ன இருக்கிறது?

மண்டையோட்டின் கூரையைக் கவனமாக அகற்றி மேலிருந்து பார்த்தால் கெளுத்தியின் மூளை முன்னிருந்து பின்னாக வரிசையாகத் தெரியும். ஆக முன்னே, மூக்கை ஒட்டி இரண்டு முகர்குமிழ்கள். பெரும்பாலான எலும்பு மீன்களில் இவை பெருமூளையோடு ஒட்டியே இருக்கும். கெளுத்தியிலும் கெண்டையிலும் நீண்ட நரம்புத் தண்டு ஒன்று இவற்றைப் பெருமூளையோடு இணைக்கிறது. பெருமூளைக்குப் பின்னே பார்வை மடல்கள். அவற்றின்மேல் முன்னோக்கிக் கவிந்தபடி சிறுமூளை. அதற்கும் பின்னே, தண்டுவடம் தொடங்குமுன், முகுளம்.

மற்ற மீன்களில் முகுளம் பெரிதாகக் கண்ணில் படாது. கெளுத்தியில் அங்கே புடைப்புகள் எழுந்து நிற்கும். முன்னே உள்ள ஜோடி முக மடல்கள்: மீசையிலும் உடல் தோலிலும் உள்ள சுவை மொட்டுகளின் செய்தி முக நரம்பு வழியாக இங்கே வருகிறது. பின்னே உள்ள ஜோடி வேகஸ் மடல்கள்: வாய்க்குள்ளும் தொண்டையிலும் உள்ள சுவை மொட்டுகளின் செய்தி வேகஸ் நரம்பு வழியாக இங்கே வருகிறது.

தோலில் சுவை மொட்டா என்று வியக்க வேண்டாம். கெளுத்தி உடலாலேயே சுவைக்கிறது என்பதை 20-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்திலேயே அமெரிக்க நரம்பியலாளர் சி. ஜட்சன் ஹெரிக் சோதனைகளால் காட்டினார். புல்ஹெட் எனப்படும் வட அமெரிக்கக் கெளுத்தி ஒன்றின் மேல்தோலில் மட்டும் 1,75,000-க்கு மேல் சுவை மொட்டுகள் இருப்பதாக ஜெல்லே அடெமா 1971-ல் எழுதினார். அவர் செய்த சோதனை இரு மடல்களின் வேலையையும் தெளிவாகப் பிரித்துக் காட்டியது. முக மடலை நீக்கிய மீனுக்கு இரையைத் தேடிப்பிடித்துக் கவ்வ முடியவில்லை, ஆனால் வாயில் வைத்தால் விழுங்கியது. வேகஸ் மடலை நீக்கிய மீன் இரையைக் கவ்வியது, விழுங்க முடியவில்லை.

நம் கடலோரங்களிலும் காணப்படும் வரிக் கெளுத்தி (பவளத் திட்டுகளில் குட்டிகள் பந்தாகத் திரண்டு நீந்துமே, அந்தக் கறுப்பு வெள்ளை வரி மீன்) இதில் இன்னும் வியப்பு தரும். ஜப்பானிய, அமெரிக்க ஆய்வாளர்கள் நுண்மின்முனைகளால் அதன் முக மடலைத் துழாவியபோது ஒவ்வொரு பக்கத்திலும் ஐந்து நீள்பகுதிகள் இருந்தன. நான்கு பகுதிகள் நான்கு மீசைகளுக்கு. ஐந்தாவது, உடலுக்கும் வாலுக்கும். மீசைகளின் வரைபடம் மூளையில் அப்படியே பதிந்திருக்கிறது.

இங்கே ஓர் எச்சரிக்கை தேவை. மீசை குறைந்தால் அதற்கு உரிய மூளைப் பகுதியும் குறையும் என்று எதிர்பார்க்கலாம். அப்போது ‘மீசை இல்லை’, ‘மடலில் பகுதி இல்லை’ என்று இரண்டு சான்றாக எண்ணினால் ஒரே மாற்றத்தை இரு முறை எண்ணியதாகிவிடும். உறவு மரம் வரைகிறவர்கள் அடிக்கடி சறுக்கும் இடம் இது.

பருத்த மடல் உறவைச் சொல்லுமா?

மூளையின் ஒரு பகுதி பெரிதாக இருப்பது அந்த மீன் எப்படிப் பிழைக்கிறது என்பதை நமக்குச் சொல்கிறது. யாருக்குப் பிறந்தது என்பதைச் சொல்வதில்லை.

நவரை மீனைப் பாருங்கள். செந்நிறம், தாடையின் கீழே இரண்டு மீசை, அவற்றால் மணலைக் கிளறி இரை தேடும். அந்த மீசையிலும் சுவை மொட்டு நிறைந்திருக்கிறது. மூளையில் முக மடல் பருத்து மடிப்பு மடிப்பாக இருக்கிறது. ஆனால் நவரைக்கும் கெளுத்திக்கும் மிகத் தூரத்து உறவுதான். கெண்டைக்கும் சுவை மடல்கள் பெரியவை. அது சேற்றை வாயில் அள்ளி, இரையை வாய்க்குள்ளேயே பிரித்தெடுத்து, மற்றதைத் துப்பிவிடும் மீன். அதனால் அதில் வேகஸ் மடல்தான் பெருத்திருக்கிறது, அதுவும் அடுக்கடுக்கான அமைப்போடு. முக மடல்கள் இரண்டும் நடுவில் ஒன்றாக இணைந்திருக்கின்றன. கெளுத்தியில் அவை இரண்டாகவே இருக்கும்.

அளவைப் பார்த்தால் மூன்றும் ‘சுவை மடல் பெருத்த மீன்கள்’. அமைப்பைப் பார்த்தால் மூன்றும் மூன்று விதம்.

இருட்டில் வாழும் கெளுத்திகளும் இதையே சொல்கின்றன. கேரளத்தின் கோட்டயம் பகுதிக் கிணறுகளிலிருந்து கிடைத்த கண்ணில்லாத ஹோராகிளானிஸ் கிருஷ்ணையை 1950-ல் ஏ. ஜி. கே. மேனன் விவரித்தார். அது தேளியின் நெருங்கிய உறவுக் குடும்பத்தைச் சேர்ந்தது. அமெரிக்காவின் டெக்சாஸில் சான் அன்டோனியோ நகருக்குக் கீழே ஆழ்நிலத்தடி நீரில் வாழும் இரண்டு குருட்டுக் கெளுத்திகளோ புல்ஹெட்டின் உறவினர்கள். கண் அற்றுப்போன மீனில் பார்வை மடலும் சுருங்கிவிடும். அந்தச் சுருக்கத்தை உறவுச் சான்றாகக் கொண்டால் கோட்டயத்தையும் டெக்சாஸையும் ஒரே குடும்பமாக்கிவிடுவோம்.

இதற்கு மேல் உடல் அளவின் சிக்கல் வேறு. சிறிய மீனுக்கு உடலோடு ஒப்பிட மூளை பெரிதாகவே இருக்கும். எனவே ‘உடலில் இத்தனை பங்கு மூளை’ என்ற கணக்கை விரலளவு இனத்துக்கும் முழநீள இனத்துக்கும் ஒரே மாதிரி போடக் கூடாது.

ஆகவே மூளையில் உறவைத் தேடுகிறவர் முதலில் கேட்க வேண்டியது, பகுதி எங்கே அமைந்திருக்கிறது, எந்த நரம்பு அங்கே வந்து சேர்கிறது என்பதை. அளவைப் பிறகு பார்க்கலாம். இதை ஓர் எடுத்துக்காட்டின் வழியே முழுதாகப் பின்தொடர்வோம்.

கண்ணாடிக் குச்சியும் உலோகக் குச்சியும்

1917-ல் பார்க்கர், வான் ஹூசன் என்ற இரு அமெரிக்கர்கள் ஒரு விசித்திரமான முடிவை வெளியிட்டார்கள். கண் மறைக்கப்பட்ட புல்ஹெட் கெளுத்தியின் அருகே தண்ணீரில் கண்ணாடிக் குச்சியை நீட்டினால், அது தொடும்வரை மீன் கவனிப்பதில்லை. உலோகக் குச்சியை நீட்டினால் சில சென்டிமீட்டர் தூரத்திலேயே மீன் எதிர்வினை காட்டியது. உலோகம் தண்ணீரில் உண்டாக்கும் மெல்லிய மின்னோட்டத்தை அது உணர்ந்தது. கெளுத்தியின் தோலில் கண்ணுக்கு எளிதில் தெரியாத நுண்குழிகள் இருக்கின்றன. அவைதான் அந்த மின்னுணர் உறுப்புகள் என்பது பின்னர் உறுதியானது. எல்லா உயிருள்ள உடலும் தண்ணீரில் மெல்லிய மின்புலத்தை உண்டாக்குவதால், சேற்றுக்குள் புதைந்த புழுவும் கெளுத்திக்கு மறைந்திருக்க முடியாது.

மின்னை உணரும் மீன்கள் வேறும் உண்டு. சுறா, திருக்கை, ஸ்டர்ஜன், நுரையீரல் மீன், மற்ற மீன்களிலிருந்து வெகுகாலத்துக்கு முன்பே பிரிந்த லாம்ப்ரே எல்லாம் உணரும். அப்படியானால் கெளுத்தி இந்தத் திறனை அவற்றோடு பொதுவான ஆதி மூதாதையிடமிருந்து வாங்கி வைத்திருக்கிறதா? அப்படியெனில் அது வெறும் பழைய சொத்து, உறவு பற்றி ஒன்றும் சொல்லாது.

கணக்குப் போட்டுப் பார்ப்போம். ஸ்டர்ஜனுக்கும் கெளுத்திக்கும் இடையே மீன் மரத்தில் பல கிளைகள் இருக்கின்றன. கார்பைக், போஃபின், விலாங்கு, மத்தி, சால்மன், கெண்டை, பிரான்ஹா: இவை எதற்கும் மின்னுணர்வு இல்லை. கெளுத்தி பழையதையே பாதுகாத்து வந்தது என்றால், இந்தக் கிளைகள் தனித்தனியாக அதை இழந்திருக்க வேண்டும். இழப்பு ஆறுக்குக் குறையாமல் நேர்ந்திருக்கும். மாறாக, இவற்றுக்கெல்லாம் பொதுவான மூதாதை ஒரே முறை இழந்து, பிறகு கெளுத்தியின் வழியில் அது புதிதாகத் தோன்றியது என்றால், ஓர் இழப்பும் ஓர் ஆக்கமும் போதும். குறைவான மாற்றங்களைக் கேட்கும் விளக்கமே ஏற்புடையது.

கணக்கு சுட்டிக்காட்டியதை மூளை உறுதிப்படுத்தியது. 1983-ல் தியோடர் புல்லாக், டேவிட் பாட்ஸ்னிக், கிளென் நார்த்கட் ஆகியோர் இந்தச் சான்றுகளை ஒன்றாகத் திரட்டினார்கள். சுறாவிலும் ஸ்டர்ஜனிலும் மின்செய்தி தலைப்பக்கப் பக்கக்கோட்டு நரம்பின் (பக்கக்கோடு என்பது நீரின் அசைவை உணரும் உறுப்பு) ஒரு தனிக் கிளை வழியாக முகுளத்துக்கு வருகிறது. அங்கே மேற்பக்கத்தில் உள்ள ஒரு நரம்புச் செல் திரளில் முடிகிறது. அதைப் ‘பழைய மின்னிலையம்’ என்று அழைப்போம். போஃபினிலும் கெண்டையிலும் அந்த நிலையமே கிடையாது. கெளுத்தியில்? அதிலும் கிடையாது. கெளுத்தியின் மின்செய்தி தலைப்பக்க நரம்பு, உடல்பக்க நரம்பு இரண்டின் வழியாகவும் வந்து முகுளத்தில் புதிதாக உருவான மின்னுணர் மடலில் சேர்கிறது. பழைய வீட்டை இடித்துவிட்டுப் போன குடும்பத்தின் பேரன்கள் தலைமுறைகள் கழித்துப் பக்கத்து மனையில் வேறு வாசல் வைத்துப் புது வீடு கட்டியதற்கு இதை ஒப்பிடலாம்.

தோலில் உள்ள உணர்செல்களும் அதையே சொல்கின்றன. சுறாவின் செல், குழியின் வெளிப்புறம் எதிர்மின் ஆகும்போது தூண்டப்படும். கெளுத்தியின் செல் நேர்மின் ஆகும்போது தூண்டப்படும். நேர் எதிர்.

ஆக, கெளுத்தியின் மின்னுணர் மடல் ஒரு புதுமை. இதைப் பகிர்ந்துகொள்கிறவர் யார்?

கத்தி மீனும் யானைமூக்கு மீனும்

தென்னமெரிக்காவின் கத்தி மீன்கள் பகிர்ந்துகொள்கின்றன. மின் விலாங்கு என்று நாம் அறிந்த மீன் அந்தக் குழுவைச் சேர்ந்ததுதான், உண்மையான விலாங்கு கிடையாது. இவை பிரான்ஹாவின் கூட்டத்துக்கு நெருக்கமானவை என்று வெகுகாலம் கருதப்பட்டது. 1981-ல் சாரா ஃபிங்க், வில்லியம் ஃபிங்க் இருவரும் எலும்பு முதலிய பல அம்சங்களை ஹென்னிக்கின் முறையில் அலசி, கத்தி மீன்களின் மிக நெருங்கிய உறவு கெளுத்திகளே என்றார்கள். மின்னுணர்வு அந்த முடிவோடு அழகாகப் பொருந்தியது. இரண்டும் ஒரே கிளை என்றால் மின்னுணர் மடல் அந்தக் கிளையின் அடியில் ஒரே முறை தோன்றியிருந்தால் போதும்.

இங்கேயே நிறுத்திவிட்டால் கதை நிறைவாக இருக்கும். ஆனால் ஆப்பிரிக்காவின் யானைமூக்கு மீன்கள் நிறுத்தவிடுவதில்லை. அவற்றுக்கும் மின்னுணர்வு உண்டு. அவற்றின் முகுளத்திலும் மின்னுணர் மடல் உண்டு. அங்கும் இரண்டு நரம்புகளும் செய்தி கொண்டுவருகின்றன. உணர்செல்களும் நேர்மின்னுக்கே தூண்டப்படுகின்றன. ஆனால் இவை எலும்புநாக்கு மீன்கள் என்ற முற்றிலும் வேறான கிளை. நம் ஆறுகளில் உள்ள சொட்டைவாளையும் அதே கிளைதான், அதற்கு மின்னுணர்வு இல்லை. சொட்டைவாளையின் ஆப்பிரிக்க உறவினருக்கு இருக்கிறது.

அப்படியானால் எலும்பு மீன்கள் மின்னுணர்வை மீண்டும் உருவாக்கும்போதெல்லாம் ஏறக்குறைய அதே வழியில்தான் போகின்றன. முகுளத்தில் பக்கக்கோட்டுச் செய்தி வந்து சேரும் பகுதி ஏற்கெனவே இருக்கிறது. அதை ஒட்டித்தான் புது மடல் வளர முடியும். இடமும் நரம்பும் ஒத்திருப்பது பலமான சான்று என்று சற்று முன் சொன்னோம். அந்தச் சான்றுக்கும் எல்லை உண்டு என்பதை யானைமூக்கு மீன் காட்டுகிறது. இந்த இடம்தான் மூளை ஒப்பீட்டின் உண்மையான சோதனை என்பது என் கருத்து.

இன்னும் நுணுக்கமாகப் பார்த்தால் வேறுபாடு தெரியும். கத்தி மீனின் மின்னுணர் மடல் நான்கு நீள்பட்டைகளாகப் பிரிந்திருக்கிறது, ஒவ்வொன்றிலும் உடலின் முழு வரைபடம். யானைமூக்கு மீனில் மூன்று வட்டாரங்கள், அவற்றின் மேலே பிரம்மாண்டமாகப் பெருத்த சிறுமூளைப் பகுதி. கெளுத்தியின் மடல் இவற்றோடு ஒப்பிட எளிமையானது. தன் மின்னலைகளைத் தானே எழுப்பிக் கேட்கும் வேலை கத்தி மீனுக்கும் யானைமூக்கு மீனுக்கும் உண்டு, சாதாரணக் கெளுத்திக்குக் கிடையாது. அந்த வேறுபாடு மடலின் உள்ளமைப்பில் தெரிகிறது.

கத்தி மீனும் கெளுத்தியும் உண்மையிலேயே உடன்பிறப்புகளா என்பதில் மரபணு ஆய்வுகளே ஒரே குரலில் பேசவில்லை. சில ஆய்வுகள் கத்தி மீனைப் பிரான்ஹா கூட்டத்தின் பக்கம் வைக்கின்றன. அவை சரியென்றால் மின்னுணர் மடல் இந்த இரு கூட்டங்களிலும் தனித்தனியே தோன்றியிருக்கலாம். அல்லது பொது மூதாதையிடம் தோன்றி, பிரான்ஹாவின் முன்னோர் அதை மீண்டும் இழந்திருக்கலாம். யானைமூக்கு மீனைப் பார்த்த பிறகு, இருமுறை தோன்றியது என்ற முதல் விடையை அபத்தம் என்று தள்ள முடியாது.

கெளுத்திகளுக்குள்ளே

கெளுத்திகளின் உட்பிரிவு உறவுகளுக்கு மூளையைப் பயன்படுத்தும் முயற்சி அண்மைக்காலத்தில் பிரேசிலில்தான் வேகம் பிடித்தது. தகடு போர்த்த காலிக்தியிட் குடும்பத்தின் மூளையைப் பூப்போ, பிரிட்டோ இருவரும் 2018-ல் ஒப்பிட்டார்கள். அதே ஆண்டில் அப்ராவோ, பூப்போ, ஷிபாட்டா ஆகியோர் சூடோபிமெலோடிட் குடும்பத்தை எடுத்துக்கொண்டார்கள். பல அம்சங்களை ஒரே குடும்பத்துக்குள் வரிசையாகக் குறித்து, அவற்றின் உறவுப் பொருளையும் விவாதித்தார்கள். இந்தக் குடும்பத்தில் விரலளவு வண்டுக் கெளுத்திகளும் உண்டு, பிரேசிலின் சாவோ பிரான்சிஸ்கோ ஆற்று மணலில் தட்டையாகப் பதுங்கிக் கிடக்கும் பெரிய பக்கமா மீனும் உண்டு. வாழ்க்கை முறை இவ்வளவு மாறும் குடும்பத்துக்குள் மாறாமல் நிற்கும் அம்சம் எது என்று தேடுவது புத்திசாலித்தனமான தேர்வு.

இதற்கான பொருள் பெரும்பாலும் அருங்காட்சியகப் புட்டிகளில் இருக்கிறது. பல்லாண்டுகளாகச் சாராயத்தில் கிடக்கும் மீனின் மண்டையோட்டை நுண்ணோக்கியின் கீழ் மெதுவாகத் திறக்க வேண்டும். ஓர் இனத்துக்குச் சில மாதிரிகளே இருந்தால் யார்தான் வெட்ட அனுமதிப்பார்கள்? இப்போது அயோடின் கரைசலில் ஊறவைத்து சிடி ஸ்கேன் எடுத்தால் வெட்டாமலே மூளையின் வடிவம் தெரிகிறது. அரிய மாதிரிகளும் இனி ஒப்பீட்டுக்கு வரலாம்.

அப்படி வர வேண்டியவற்றில் முதன்மையானது சிலி, அர்ஜென்டினா ஆறுகளில் வாழும் டிப்ளோமிஸ்டிட் கெளுத்தி. அதற்கு ஒரே ஜோடி மீசைதான். இன்றுள்ள மற்றக் கெளுத்திகள் இழந்துவிட்ட, மேல்தாடையின் மாக்சில்லா எலும்பில் முளைக்கும் பற்கள் அதற்கு இன்னும் இருக்கின்றன. அதனால் கெளுத்தி மரத்தில் முதலில் பிரிந்த கிளை அதுவே என்று எலும்பியலாளர்கள் கருதினார்கள். கெளுத்திகளின் எந்த அம்சம் பழையது என்று கேட்டால் எல்லோரும் அதைத்தான் பார்த்தார்கள். 2006-ல் சல்லிவன், லண்ட்பெர்க், ஹார்ட்மன் ஆகியோரின் மரபணு ஆய்வு வேறொன்றைச் சொன்னது: முதலில் பிரிந்தவை காலிக்தியிட் முதலியவை அடங்கிய தென்னமெரிக்கத் தகட்டுக் கெளுத்திகளின் கூட்டம், டிப்ளோமிஸ்டிட் அதற்குப் பின்னரே.

இரண்டு மரங்களில் எது சரி என்பதைப் பொறுத்து மூளையின் ஒவ்வொரு அம்சமும் வேறு பொருள் கொள்ளும். ஓர் அமைப்பு கெண்டையிலும் டிப்ளோமிஸ்டிட்டிலும் ஒரு விதமாக இருக்கிறது, மற்ற எல்லாக் கெளுத்திகளிலும் வேறு விதமாக இருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். பழைய மரத்தின்படி, டிப்ளோமிஸ்டிட் பிரிந்த பிறகு மற்றவர்களின் மூதாதையிடம் ஒரே முறை நிகழ்ந்த மாற்றம் அது, அருமையான பகிர்ந்த புதுமை. புதிய மரத்தின்படி, அந்த மாற்றம் தகட்டுக் கெளுத்தியில் ஒரு முறை, மற்றவற்றில் ஒரு முறை என இருமுறை நிகழ்ந்திருக்க வேண்டும். இல்லையேல் டிப்ளோமிஸ்டிட் பழைய நிலைக்கே திரும்பியிருக்க வேண்டும்.